புள்ளி எடுக்காதவருக்கு எதற்குச் சம்பளம்? ரக்பி ஃபார்வர்டின் கிளப் வாழ்க்கையைப் படிக்கும் விதம்

ரக்பி வீரர் ஒருவரின் ஆட்டக் குறிப்பை முதன்முறையாகப் பார்க்கும் நம் ஊர்க்காரர் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். மேலே பெயர், உயரம், எடை. கீழே ஆண்டுகள், கிளப்பின் பெயர், ஆடிய ஆட்டங்கள், எடுத்த புள்ளிகள். சேலத்தில் நான் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் பள்ளியில் கபடி அணிப் பையன் ஒருவன் கைபேசியில் அப்படியொரு குறிப்பைக் காட்டினான். ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு, நூற்றைம்பதுக்கு மேல் ஆட்டம், புள்ளி பத்து. “சார், இவரை எதற்காக எட்டு வருடம் வைத்திருந்தார்கள்? முதலாளிக்குச் சொந்தக்காரரா?” என்று கேட்டான்.

நியாயமான சந்தேகம். அவன் இடது கார்னரில் நிற்பவன். ரெய்டு வந்தவனின் கணுக்காலைப் பிடித்து நிறுத்தினால் அவன் அணிக்கு ஒரு புள்ளி. உழைத்தது உடனே பலகையில் ஏறிவிடும். ரக்பியில் எதிராளியை மடக்கி வீழ்த்தினால் புள்ளி கிடையாது. ஒரே ஆட்டத்தில் இருபது முறை வீழ்த்தினாலும் கிடையாது. ஃபார்வர்ட் எனப்படும் முன்கள வீரர் செய்யும் வேலையில் பெரும்பகுதி பலகைக்கு வெளியேதான் நடக்கிறது. அதனால் அவருடைய கிளப் வாழ்க்கையைப் புள்ளிக் கணக்கில் தேடக் கூடாது. சட்டை எண், ஆட்ட எண்ணிக்கை, இடையில் விழும் இடைவெளி, கிளப் மாறிய வயது ஆகியவற்றில் தேட வேண்டும். அந்தக் குறிப்புகளை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றித் தேவையான அளவு மட்டும். ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், நாற்பது நாற்பது நிமிடமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், காலால் முன்னால் உதைக்கலாம். கையால் முன்னால் வீசக் கூடாது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் ‘ட்ரை’, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. தண்டனை உதைக்கு 3, ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் அதற்கும் 3. சட்டை எண் 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள். 9 முதல் 15 வரை பேக்குகள். ஃபார்வர்டுகள் பந்தைப் பெற்றுத் தருகிறார்கள், பேக்குகள் அதைக் கொண்டு ஓடுகிறார்கள். விதிவிலக்குகள் ஏராளம் என்றாலும் தொடங்குகிறவருக்கு இது போதும்.

ஃபார்வர்டுகள் எட்டுப் பேரும் ஒரே வகையினர் அல்லர். 1, 3 ஆகிய எண்களில் ஆடுகிறவர்கள் ப்ராப். ஸ்க்ரமின் பாரத்தை இரு பக்கமும் தாங்குகிறவர்கள். நடுவில் 2ஆம் எண், ஹூக்கர். ஸ்க்ரமுக்குள் உருட்டப்படும் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுகிறவர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் நடக்கும் லைன்அவுட்டில் பந்தை உள்ளே எறிகிறவரும் பெரும்பாலும் அவர்தான். 4, 5 லாக். அணியில் உயரமானவர்கள், ஆறரை அடி என்பது அவர்களிடையே சாதாரணம். லைன்அவுட்டில் தோழர்கள் தூக்கிப் பிடிக்க, அந்தரத்தில் பந்தைப் பறிக்கிறவர்கள். 6, 7 ஃபிளாங்கர். 8க்கு எண்ணே பெயராகிவிட்டது, ‘நம்பர் எயிட்’. இந்த மூவருக்கும் ஓட்டம் அதிகம். விழுந்து கிடப்பவனிடமிருந்து பந்தைப் பிடுங்குவது இவர்களின் சிறப்புத் தொழில்.

ஸ்க்ரமில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் ஒரு ஃபார்வர்டுக்கு எந்தக் கிளப் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது என்பதில் பாதி அங்கேதான் முடிவாகிறது. சிறு தவறுகளுக்குப் பிறகு ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் முறை அது. எட்டுக்கு எட்டாக இரு அணிகளும் குனிந்து, தோளோடு தோள் பிணைத்து மோதித் தள்ளுகின்றன. உயர்நிலை ஆட்டத்தில் ஒரு பக்கத்தின் மொத்த எடை மட்டுமே ஏறத்தாழ 900 கிலோ. முன்வரிசை மூவரின் கழுத்து வழியாகத்தான் அந்தப் பாரம் எதிரணிக்குப் போகிறது. முன்பெல்லாம் இரண்டு வரிசைகளும் தூரத்திலிருந்து பாய்ந்து இடித்துக்கொண்டன. 2013இல் விதியை மாற்றினார்கள்: நடுவர் ‘குனி, பிடி, இணை’ என்ற பொருளில் மூன்று கட்டளைகள் தருவார், எதிரணி ப்ராப்பின் சட்டையை முதலில் பிடித்துக்கொண்ட பிறகே மோத வேண்டும். இடியின் வேகம் குறைந்தது, தள்ளும் கலை கூடியது.

3ஆம் எண்காரரை டைட்ஹெட் ப்ராப் என்பார்கள். 1ஆம் எண்காரரின் தலைக்கு ஒரு பக்கம் வெட்டவெளி. 3ஆம் எண்காரரின் தலையோ எதிரணியின் ப்ராப்புக்கும் ஹூக்கருக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. இரண்டு தோள்களிலும் இரண்டு பேரின் பாரம். அவர் சரிந்தால் ஸ்க்ரம் சரியும், நடுவர் எதிரணிக்குத் தண்டனை உதை தருவார், அதில் 3 புள்ளி போகும். அந்த 3 புள்ளி உதைத்தவரின் பெயரில்தான் எழுதப்படும். அதை வாங்கிக் கொடுத்த ப்ராப்பின் குறிப்பில் பூஜ்யம்.

எங்கள் மைதானத்துச் செம்மண்ணில் நான் பையன்களை ஸ்க்ரம் தள்ள விடுவதில்லை. சித்திரை வெயிலில் சேலத்து மண் சிமென்ட் தரையாக இறுகிவிடும். சரிந்து விழுந்தால் கழுத்து தாங்காது. மூன்று பேரை நிற்கவைத்து, பிணையும் முறையை மட்டும் காட்டுகிறேன். தள்ளிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் புல்தரையும் பயிற்சி பெற்ற ஒருவரையும் தேடிக்கொள்ளட்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

இனி கிளப். நமக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் ஏலம் நினைவுக்கு வருகிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை 2025 ஐபிஎல் பருவத்துக்காக டெல்லி கேப்பிடல்ஸ் 10.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதற்கு முன் ஹைதராபாத், அதற்கும் முன் பஞ்சாப். இரண்டு மாதப் போட்டி, பிறகு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். ஐரோப்பிய ரக்பி கிளப் அப்படிப்பட்டதன்று. அங்கே ஏலம் இல்லை. வீரரும் கிளப்பும் நேரடியாக ஒப்பந்தம் போடுகிறார்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு. செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை ஆட்டம் ஓடும். கிளப்தான் முதலாளி, தினமும் காலையில் போய் நிற்கும் வேலையிடம். நாட்டு அணி, தேவைப்படும் மாதங்களில் கிளப்பிடமிருந்து ஆளை வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறது.

இங்கிலாந்தில் பிரீமியர்ஷிப்பில் இப்போது 10 கிளப்புகள். பிரான்சில் டாப் 14 என்ற பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது. 26 சுற்றுகள் முடிந்த பிறகு இறுதிக்கட்ட ஆட்டங்கள் வேறு. அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் அணிகள் சேர்ந்து ஆடுவது யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப். நியூசிலாந்திலும் அயர்லாந்திலும் நாட்டுச் சங்கத்தின் கை ஓங்கியிருக்கிறது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பணம் போடும் கிளப் முதலாளியின் கை. ஒரு வீரர் எந்த மாதத்தில் ஓய்வெடுக்கிறார் என்பதைக்கூட இந்த வேறுபாடு தீர்மானிக்கும்.

இந்தச் சம்பள ஏற்பாடு பழையதன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்யலாமா கூடாதா என்ற சண்டையில் 1895இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்து போயின. அதிலிருந்து வளர்ந்ததுதான் 13 பேர் ஆடும் ரக்பி லீக். யூனியன் பக்கம் அடுத்த நூறு ஆண்டுகள் சம்பளம் என்ற பேச்சே தீட்டு. 1995 ஆகஸ்டில்தான் கதவு திறந்தது. அதற்கு முன் இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்பின் லாக் மார்ட்டின் ஜான்சன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். ப்ராப் ஜேசன் லெனர்ட் தச்சர்.

லெனர்டை நான் பையன்களுக்கு முதல் பாடமாக வைப்பேன். பார்க்கிங் என்ற உள்ளூர்க் கிளப், பிறகு சாரசென்ஸ், 1990இலிருந்து 2004இல் ஓய்வு பெறும்வரை ஹார்லிக்வின்ஸ். நடுவில் காலமே மாறிவிட்டது: தச்சராக உள்ளே வந்தவர் சம்பளக்காரராக வெளியேறினார். 1992இல் கழுத்து வட்டு சிதைந்தது. இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுத்தில் பொருத்தினார்கள். திரும்பி வந்து இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஸ்க்ரம் தள்ளினார், அதுவும் இரண்டு பக்கத்திலும். இங்கிலாந்துக்காக 114 ஆட்டங்கள் ஆடினார். அத்தனையிலும் அவர் எடுத்த ட்ரை ஒன்றே ஒன்று, 1996இல் அர்ஜென்டினாவுக்கு எதிராக. 114 ஆட்டம், 5 புள்ளி. தேர்வாளர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர் என்று ஒப்புக்கொண்டால், அவர்கள் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள்.

ஒரு ஃபார்வர்டின் கிளப் வாழ்க்கை பொதுவாக எப்படி நகர்கிறது? பதினாறு, பதினெட்டு வயதில் கிளப்பின் பயிற்சிக்கூடத்தில் சேர்கிறார். அங்கே எடை தூக்கி, சாப்பிட்டு, உடம்பைக் கட்டுகிறார். இந்தப் பருவத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பெரும்பாலானோர் இங்கேயே கழிக்கப்பட்டுவிடுவார்கள் என்பதைத் தவிர.

அடுத்தது இரவல் காலம். ஆட்டக் குறிப்பில் பெரிய கிளப்பின் பெயருக்குக் கீழே கேள்விப்படாத சிறு கிளப் ஒன்றின் பெயர் ஒரே பருவத்துக்கு வந்தால், ஆள் தோற்றுப்போய்க் கீழே இறங்கினார் என்று எண்ண வேண்டாம். ஆட்டப் பழக்கத்துக்காக அனுப்பியிருப்பார்கள். 2025இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி ஆஸ்திரேலியாவில் தொடரை வென்ற மாரோ இட்டோஜே, சாரசென்ஸில் வளர்ந்த லாக். அவரும் தொடக்கத்தில் ஓல்டு ஆல்பேனியன் என்ற சிறு கிளப்புக்குப் போய் ஆடிவிட்டு வந்தவர்தான். ஜான்சனோ பத்தொன்பது இருபது வயதில் நியூசிலாந்துக்கே போய், கிங் கன்ட்ரி என்ற மாகாண அணிக்கு ஆடித் திரும்பினார். லைன்அவுட்டில் உயரம் பெரிதும் கைகொடுக்கும். ஆனால் தரையில் கிடக்கும் பந்துக்காக முழங்கையும் முழங்காலும் மோதும் இடத்தில் அனுபவம் தேவை. அதைப் பயிற்சிக்கூடத்தில் கற்றுத்தர முடியாது.

முன்வரிசைக்காரர்கள் மற்றவர்களைவிட மெதுவாகப் பழுக்கிறார்கள். வேகமான பேக் ஒருவர் இருபது வயதில் நட்சத்திரமாகலாம். இருபது வயது டைட்ஹெட்டை நல்ல பயிற்சியாளர் எவரும் அவசரப்பட்டு இறக்க மாட்டார். எதிரே முப்பத்திரண்டு வயது ப்ராப் ஒருவர் அத்தனை தந்திரங்களோடும் காத்திருப்பார். மறுபுறம், மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் ப்ராப்புக்கு நல்ல ஒப்பந்தம் கிடைக்கும். டான் கோல் என்ற டைட்ஹெட் 2007இல் லெஸ்டருக்கு ஆடத் தொடங்கி 2025இல் அதே கிளப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பதினெட்டு ஆண்டு அதே வேலை, அதே இடம்.

இப்போது பெஞ்சு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் என்றால் இளக்காரம். ரக்பியில் அப்படி இல்லை. ஆட்டத்துக்கு 23 பேர். 15 பேர் தொடங்குவார்கள், 8 பேர் மாற்றாட்கள். அந்த எட்டில் முன்வரிசையின் மூன்று இடங்களுக்கும் பயிற்சி பெற்ற ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் கட்டாயம்? பழக்கமில்லாத ஒருவனை ஸ்க்ரமின் முன்வரிசையில் நிறுத்தினால் கழுத்து முறியும். அதற்குரிய ஆள் இல்லாமற்போனால் நடுவர் ‘தள்ளாத ஸ்க்ரம்’ என்று அறிவித்துவிடுவார். ஸ்க்ரமில் வலுவான அணிக்கு அது பெருநட்டம்.

இந்த ஒரு பாதுகாப்பு விதியால் முன்வரிசைக்காரர்களுக்கு வேலைவாய்ப்பு பெருகியது. ஒரு ஆட்டத்துக்கே ஆறு பேர். காயம், ஓய்வு, நாட்டு அணி அழைப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டால் கிளப் பத்துப் பன்னிரண்டு பேரையாவது சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும். உலகப் புகழ் பெறாத ஒரு ப்ராப் பத்தாண்டுகள் கௌரவமாகப் பிழைப்பது இதனால்தான். தென்னாப்பிரிக்கா இதை ஒரு போர்முறையாகவே மாற்றிவிட்டது. 2019 உலகக் கோப்பையில் எட்டு மாற்றாட்களில் ஆறு பேரை ஃபார்வர்டுகளாக வைத்தார்கள். 2023 இறுதியாட்டத்தில் ஏழு பேர். களைத்துப் போன எதிரணியின் மீது இரண்டாம் பாதியில் இந்தப் புதிய ஃபார்வர்டுகளை இறக்கினார்கள். இரண்டு கோப்பையும் அவர்களுக்கே.

ஆகவே குறிப்பில் ‘தொடங்கிய ஆட்டம் 40, மாற்றாளாக 60’ என்று கண்டால் இரக்கப்பட வேண்டியதில்லை. சட்டை எண் 16 முதல் 23 வரை மாற்றாட்களுக்குரியவை. ஒருவர் 3ஆம் எண்ணிலும் 18ஆம் எண்ணிலும் மாறி மாறி வந்தால், இரண்டு டைட்ஹெட்டுகள் நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். 1, 3 இரண்டிலும் ஆடுகிறவர் தட்டுப்பாட்டுச் சரக்கு. அவருக்கு வேலை போகாது.

இடைவெளிகளைப் படிப்பதுதான் கடினம். ஒரு பருவத்தில் நான்கே ஆட்டம் என்றால் நான்கு காரணங்கள் இருக்கலாம். காயம் ஒன்று. அபாயகரமான மடக்கலுக்காகச் சிவப்பு அட்டை வாங்கி, சில வாரத் தடை பெற்றிருப்பது இன்னொன்று. ஆனால் அது முழுப் பருவத்தையும் விழுங்காது. மூன்றாவது, திட்டமிட்ட ஓய்வு. நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா 148 டெஸ்ட், அதாவது நாட்டு அணி ஆட்டங்கள், ஆடிய ஃபிளாங்கர். 2011, 2015 இரண்டு உலகக் கோப்பைகளையும் தலைவராக வென்றவர். 2013இல் ஏறத்தாழ அரையாண்டு ஆட்டத்தையே விட்டு விலகி நின்றார். காயமில்லை, சண்டையில்லை, ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்த விடுப்பு. இரண்டாவது கோப்பை அந்த ஓய்வில்தான் சம்பாதிக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

நான்காவது காரணம் எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. நவம்பரிலும், பிப்ரவரி மார்ச்சிலும் நாட்டு அணி ஆட்டங்கள் நடக்கும்போது கிளப் ஆட்டங்களும் சில நடக்கும். நாட்டுக்கு ஆடுகிறவர் அவற்றில் இருக்க மாட்டார். ஆகவே கிளப்பின் ஆட்ட எண்ணிக்கையில் முதலிடம் பிடிப்பவர் பெரும்பாலும் மிகச் சிறந்தவர் அல்லர். நாட்டு அணிக்கு ஒருபோதும் அழைக்கப்படாத, காயம் படாத, நம்பகமான ஒருவர். கிளப்பின் ரசிகர்கள் நட்சத்திரத்துக்குக் கைதட்டுவார்கள்; இவரை வீட்டுப் பிள்ளையாக நினைப்பார்கள். பையன் காட்டிய அந்த நூற்றைம்பது ஆட்டக்காரர் இந்த இனம்.

கிளப் மாறுவதற்கும் ஒரு இலக்கணம் உண்டு. இருபத்தைந்துக்கு முன் மாறினால் ஆடும் வாய்ப்புத் தேடி. இருபத்தெட்டில் மாறினால் பணத்துக்கு. முப்பத்திரண்டுக்கு மேல் பிரான்சுக்கோ ஜப்பானுக்கோ போனால், கடைசிச் சேமிப்புக்கு. இதில் தவறேதும் இல்லை. உடம்பை விற்றுச் சாப்பிடும் தொழிலில் விலை இருக்கும்போதே விற்க வேண்டும். ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. இங்கிலாந்துக்கு ஆட விரும்புகிறவர், விதிவிலக்கான சூழல் தவிர, இங்கிலாந்துக் கிளப்பில்தான் இருக்க வேண்டும். நியூசிலாந்திலும் உள்நாட்டில் ஆடினால்தான் நாட்டு அணியின் கறுப்புச் சட்டை. வேல்ஸ், வெளிநாட்டில் ஆடுகிறவர் குறைந்தது 60 முறை நாட்டுக்கு ஆடியிருக்க வேண்டும் என்று வைத்திருந்தது. 2023இல் அதை 25ஆகக் குறைத்தது. குறிப்பில் ஒருவர் பிரெஞ்சுக் கிளப்புக்கு மாறிய ஆண்டும் நாட்டு அணி வரிசை நின்ற ஆண்டும் ஒன்றாக இருந்தால் காரணம் இதுவாகவே இருக்கும்.

பிரான்சில் இன்னொரு வேடிக்கை உண்டு. பருவத்தின் நடுவே வீரருக்குப் பெரிய காயம் பட்டால், அவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சீட்டுக்கட்டின் ஜோக்கர் பெயரால் ‘மெடிக்கல் ஜோக்கர்’ என்றே அவரை அழைக்கிறார்கள். உலகக் கோப்பைக்குப் போன வீரர்களுக்குப் பதிலாகவும் இப்படிக் குறுகிய கால ஆள் எடுப்பதுண்டு. வேல்ஸின் லாக் ஆலன் வின் ஜோன்ஸ் 158 முறை நாட்டுக்காக ஆடியவர். அதுவே உலகச் சாதனை. 2005இலிருந்து 2023 வரை ஆஸ்ப்ரீஸ் என்ற ஒரே அணி. அதன் பிறகு சிறிது காலம் பிரான்சின் துலோன். பதினெட்டு ஆண்டுக்குக் கீழே ஒரு வரியில் சில மாதம்.

சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. பிரீமியர்ஷிப்பில் 2024-25 பருவத்தில் ஒரு கிளப் தன் வீரர்கள் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய அடிப்படை வரம்பு 64 லட்சம் பவுண்டு. இதை மீறியதற்காக 2019இல் சாரசென்ஸுக்கு 53 லட்சத்துக்கும் மேற்பட்ட பவுண்டு அபராதம், லீக் பட்டியலில் 35 புள்ளிகள் கழிவு, கடைசியில் இரண்டாம் நிலைக்கு இறக்கம். அப்போது அது ஐரோப்பிய சாம்பியன். இட்டோஜேயும் ஹூக்கர் ஜேமி ஜார்ஜும் கிளப்பை விட்டுப் போகவில்லை. ஆட்டக் குறிப்பில் இது தெரியாது. ஆண்டு வரிசை உடையாமல் ஓடும். அந்த வரிசைக்குள் ஒரு வீழ்ச்சி இருந்தது என்று தெரிந்து படித்தால்தான் அந்தத் தொடர்ச்சியின் மதிப்புப் புரியும்.

கிளப்பே மூடிப்போவதும் உண்டு. 2022இல் வுஸ்டர், வாஸ்ப்ஸ். 2023இல் லண்டன் ஐரிஷ். மூன்றும் கடனில் விழுந்தன. ஒப்பந்தம் இருந்தும் வீரர்கள் வேலையற்றவர்கள் ஆனார்கள், முதல் இரண்டு கிளப்புகளில் பருவத்தின் நடுவிலேயே. அந்த ஆண்டுகளில் ஒரே பருவத்தில் இரண்டு கிளப் பெயர்களைக் கண்டால் ஓடுகாலி என்று முடிவு கட்டாதீர்கள். சேலத்தில் நூற்பாலை மூடிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடம்பின் கணக்கு தனி. பழைய ப்ராப்புகளின் காது மடல் மடிந்து தடித்திருக்கும். உராய்வில் உள்ளே இரத்தம் கட்டி இறுகியது. அது அழகுக் குறை மட்டுமே. கழுத்தும் மூளையும் அப்படி அல்ல. தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் இப்போது வீரரை உடனே வெளியே எடுத்து மருத்துவர் சோதிக்கிறார். தேறாவிட்டால் அன்று ஆட முடியாது. முன்பு இந்தக் கண்டிப்பு இல்லை.

ஸ்டீவ் தாம்சன் என்ற இங்கிலாந்து ஹூக்கரின் கிளப் வரிசை: நார்தாம்ப்டன், பிரான்சின் பிரீவ், லீட்ஸ், வாஸ்ப்ஸ். நடுவே 2007இல் கழுத்துக் காயத்தால் ஓய்வு அறிவிப்பு. பிறகு திரும்பி வந்தார். 2011இல் மறுபடியும் கழுத்தால்தான் முடிந்தது. 2003 உலகக் கோப்பை இறுதியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டம் சமநிலையில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கடைசி லைன்அவுட்டில் வரிசையின் பின்முனைக்கு நீளமாகப் பந்தை எறிந்தவர் அவர். அதிலிருந்து வந்த பந்தைத்தான் ஜானி வில்கின்சன் உதைத்து 20–17 என்று கோப்பையை வென்றார். உலகம் உதைத்தவரை நினைவில் வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில், நாற்பத்திரண்டு வயதில், தனக்கு நினைவிழப்பு நோய் தொடங்கிவிட்டது என்று தாம்சன் அறிவித்தார். அந்தக் கோப்பையை வென்றதே தனக்கு நினைவில்லை என்றார். நண்பர்கள் சிலர் ‘பலமான ஆட்டம்’ என்று ரக்பியைப் புகழும்போது நான் இந்தப் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். ஏற்காட்டின் விடுதிப் பள்ளி மைதானங்களைப் பார்க்கும்போதெல்லாம், கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில் இந்தக் குளிரில் இந்த ஆட்டம் நன்றாக வேர்விட்டிருக்கும் என்று தோன்றும். இந்தியாவுக்கு ரக்பி அந்நியமும் அல்ல. கல்கத்தாவில் 1870களில் இருந்த கிளப் கலைக்கப்பட்டபோது கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுகின்றன; நாகப்பாம்புக் கைப்பிடி, மூடியில் யானை. ஆனால் இன்று நம் பையன்கள் அதிகம் பார்ப்பது ஏழு பேர் ஆடும் வடிவம். ஒலிம்பிக்கில் 2016இலிருந்து இருப்பதும், 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் வென்றதும் அதில்தான்.

ஏழு பேர் ஆட்டத்திலும் ஃபார்வர்டுகள் உண்டு, மூன்று பேர். ஆனால் பாதிக்கு ஏழு நிமிடம், அதே பெரிய மைதானம். ஓட முடியாதவனுக்கு அங்கே இடமில்லை. நூற்றுப் பத்து கிலோ எடையும் உறுதியான முதுகும் கொண்ட ஆத்தூர்ப் பையனை அது சேர்த்துக்கொள்ளாது. அவனுக்கேற்றது பதினைந்து பேர் ஆட்டத்தின் 1ஆம் எண்ணோ 3ஆம் எண்ணோதான். அதற்குச் சென்னை, கொல்கத்தா, மும்பை போன்ற நகரங்களின் கிளப்புகளைத் தேடிப் போக வேண்டும். பெற்றோர் கேட்டால் நான் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன், தாம்சனையும் சேர்த்து.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. முதல் இருபது நிமிடம் பந்தைப் பின்தொடராமல் 3ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள். எத்தனை முறை விழுந்து எழுகிறார், ஸ்க்ரமில் அவருடைய முதுகு நேராக இருக்கிறதா, நடுவர் யார் பக்கம் கை நீட்டுகிறார் என்று கவனியுங்கள். 50ஆம் நிமிடத்தையொட்டியோ அறுபதுக்குள்ளோ அவர் வெளியேறி 18ஆம் எண்காரர் வருவார். அடுத்த ஸ்க்ரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.